கழிவு டப்பாவுக்குப் போன பாஸ்பரஸ்

"மேடம், இதை எங்க கொட்டறது?"

ஆய்வகத்தில் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த மாணவி கேட்டாள். கையில் ஒரு பீக்கர், அதில் கட்டிதட்டிய வெள்ளைப் படிகங்கள். முதல்முறையாக விட்டிக் வினை (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பைக் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பாக்கும் வினை) செய்திருந்தாள். வேண்டிய பொருளைச் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஓட்டிப் பிரித்தபின் மிஞ்சியது டிரைபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு, அதாவது வினைக்குப் பயன்பட்ட பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்ட வடிவம். "திடக்கழிவு டப்பால போடும்மா" என்றேன். வருகிற எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில். அவள் நகரவில்லை. "அங்கிருந்து எங்க போகும் மேடம்?"

லாரியில் ஏறும், எரிப்பு உலைக்குப் போகும், சாம்பலைப் புதைப்பார்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு உறுத்தியது. மாலையில் அவளை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். ஒரு மோல் கீட்டோனில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஒரு கார்பனையும் இரண்டு ஹைட்ரஜனையும் வைக்கிறோம். சேர்ந்தது 14 கிராம். அதற்காக மிஞ்சும் ஆக்சைடு 278 கிராம்.

முதன்மைத் தொகுதித் தனிமங்களின் வேதியியலுக்கு நான் வந்ததே ஒரு வியப்பில்தான். பன்னிரண்டாம் வகுப்பில் பி-தொகுதித் தனிமங்கள் என்றால் மனப்பாடம். எந்த ஆக்சைடு, எந்த அமிலம், என்ன நிறம், அவ்வளவுதான். எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் 1981ஆம் ஆண்டைப் பற்றி ஆசிரியர் சொன்னார். கனமான முதன்மைத் தொகுதித் தனிமங்கள் தமக்குள் இரட்டைப் பிணைப்பு அமைக்காது என்று நம்பியிருந்த காலத்தில், அந்த ஒரே ஆண்டில் சிலிக்கன்-சிலிக்கன், பாஸ்பரஸ்-பாஸ்பரஸ் இரட்டைப் பிணைப்புகள் இரண்டையும் குடுவையில் பிடித்துவிட்டார்கள். சுற்றிலும் பருமனான தொகுதிகளை வேலிபோல நிறுத்தினால், தனித்து நிற்காத பிணைப்பும் நிற்கும்.

நான் பிஎச்.டி. தொடங்கிய 2006இல் வேதியியலர் டக்ளஸ் ஸ்டீபன் குழுவின் கட்டுரை வந்தது. ஒரே மூலக்கூறில் ஒரு போரான், ஒரு பாஸ்பரஸ். இரண்டும் சேரத் துடிக்கும், ஆனால் சுற்றியுள்ள பருமன் சேரவிடாது. அந்த இடைவெளியில் ஹைட்ரஜன் வாயு நுழைந்தால் இரண்டாகப் பிளந்துவிடுகிறது, சூடாக்கினால் மறுபடி வெளியேறுகிறது. இதற்கு வழக்கமாக வேண்டியிருந்த பிளாட்டினமோ பல்லேடியமோ தேவைப்படவில்லை. அன்றிரவு விடுதி அறையில் அந்தக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன்.

அதன்பின் நான் எழுதிய நிதி விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: "அரிய உலோகங்களுக்குப் பதிலாக, பூமியில் தாராளமாகக் கிடைக்கும் தனிமங்கள்." பொய்யில்லை. ஆனால் தாராளமாகக் கிடைக்கிறது என்பதாலேயே அது வளத்தை வீணாக்காத வேதியியல் ஆகிவிடும் என்று நினைத்தேனே, அதுதான் தவறு.

எங்கள் ஆய்வகத்து பாஸ்பீன் வரும் வழியைப் பாருங்கள். பாஸ்பேட் பாறையை மணலோடும் கரியோடும் சேர்த்து, மின் உலையில் 1500 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியாகி வரும். அதைக் குளோரினோடு சேர்த்து முக்குளோரைடு ஆக்குவார்கள். அதிலிருந்துதான் டிரைபீனைல்பாஸ்பீன். ஆக்சிஜனோடு கட்டுண்டு கிடந்த பாஸ்பரஸை இவ்வளவு மின்சாரம் செலவழித்து விடுவிக்கிறோம். கடைசியில் அது பழையபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு டப்பாவுக்குப் போகிறது.

அப்பா விவசாயி. அதனால் எனக்கு இந்தத் தனிமம் முதலில் வந்தது டி.ஏ.பி. உர மூட்டையில்தான். மூட்டைமேல் 18-46 என்று அச்சிட்டிருக்கும், நைட்ரஜன் 18 சதவீதம், ஆக்சைடு கணக்கில் பாஸ்பரஸ் 46 சதவீதம். நெடுநாள் கழித்து, அந்த 50 கிலோவில் தனிமமாகக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் என்று போட்டுப் பார்த்தேன். அதற்கான பாறை உலகில் எல்லா இடத்திலும் இல்லை. இருப்பில் பெரும்பகுதி மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. நாம் பாறையாகவும் அமிலமாகவும் உரமாகவும் இறக்குமதி செய்கிறோம். பயிருக்குப் போவதோடு ஒப்பிட்டால் ஆய்வகத்தில் செலவாவது கடுகளவுதான். ஆனாலும் பாஸ்பரஸ் வேதியியலர் என்று சொல்லிக்கொள்கிற நான் அது எங்கே போகிறது என்று கேட்டதில்லையே.

அதிலிருந்து குழுவின் வேலையில் பாதியை அந்த வெள்ளைப் படிகத்தின் பக்கம் திருப்பினேன். பாஸ்பரஸ்-ஆக்சிஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 500 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். வைட்டமின் ஏ தயாரிப்பில் விட்டிக் வினையைப் பேரளவில் செய்த பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம், ஆக்சைடைப் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவால் குளோரைடாக்கி, அலுமினியத்தால் ஒடுக்கி மீட்கும் முறையை உருவாக்கியது. பாஸ்ஜீனைக் கல்லூரி ஆய்வகத்தில் கையாள முடியாது. நாங்கள் சிலேன்களை, அதாவது சிலிக்கன்-ஹைட்ரஜன் சேர்மங்களை, எடுத்துக்கொண்டோம்.

முதலில் சரியாக நடந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) நிறமாலை எடுக்கும் மூடிய குழாய், சிறிதளவு அமில வினையூக்கி. பாஸ்பரஸ் நிறமாலையில் 29 பிபிஎம் அருகே ஆக்சைடின் ஒற்றைக் கோடு. மணிக்கொரு தடவை பதிவு எடுத்தோம். கோடு குட்டையாகிக்கொண்டே வந்தது. மைனஸ் 5 அருகே இன்னொன்று முளைத்தது, மீண்ட பாஸ்பீனின் கோடு. விடியும்போது 29இல் ஒன்றுமில்லை. மாணவி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

குழாயின் அடியில் பசைபோல ஏதோ ஒட்டியிருந்தது. சிலாக்சேன், சிலிக்கனும் ஆக்சிஜனும் பிணைந்த சேர்மம். சிலேன் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மணலின் உறவுக்குத் திரும்பிவிட்டது. சிலிக்கனும் மணலையும் கரியையும் உலையில் காய்ச்சி எடுத்ததுதானே. பாஸ்பரஸ் மிச்சமானது, செலவு சிலிக்கனின் தலையில் ஏறியது. இதை வெற்றி என்றுதான் இன்றும் சொல்வேன், ஆனால் முழுக்கணக்கையும் சேர்த்துச் சொல்வேன்.

இப்போது எங்கள் ஆய்வகக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: மிஞ்சியது என்ன, எத்தனை கிராம், எங்கே போனது. வாராந்திரக் கூட்டத்தில் விளைச்சலுக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன். அன்று பீக்கரோடு நின்ற மாணவி சிலேனை விட்டுவிட்டு மின்சாரத்தால் ஒடுக்கிப் பார்க்கிறாள். வினை நடக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கத்து அலுமினிய மின்வாய் கரைகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, குறைந்த மில்லிகிராமை அந்தக் கட்டத்தில் எழுதிவைக்கிறாள்.