எட்டாம் நாள் முட்டை

நரம்பணு வளர்ப்பு ஆய்வகத்தில் சேர்ந்ததும் நான் பழகிய முதல் வேலை, எட்டு நாள் இன்குபேட்டரில் இருந்த கோழிமுட்டையைத் திறப்பது. கருவின் முதுகுத்தண்டை ஒட்டி, இருபக்கமும் வரிசையாக, ரவைக் குருணை மாதிரி உணர்வு நரம்பணுக்களின் முடிச்சுகள் இருக்கும். டிஆர்ஜி என்போம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுத்து, அணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் லாமினின் என்ற புரதம் பூசிய டிஷ்ஷில் வைக்க வேண்டும். நசுக்காமல் எடுக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அணுக்கள் வளரும் திரவமான மீடியத்தில் என்ஜிஎஃப் என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியை மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் சேர்ப்போம். மறுநாள் காலையில் முடிச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் மெல்லிய இழைகள் விரிந்திருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ஒருமுறை, தனித்தனியாகப் பிரித்து வளர்த்த அணுக்கள் இரண்டே நாளில் உருக்குலைந்து கிடந்தன. சர்க்கரை, சூடு, கார்பன் டை ஆக்சைடு எல்லாம் சரி. தவறு என்னுடையது. ஒரே என்ஜிஎஃப் குழாயை உருக்கி, திரும்ப உறைய வைத்து, பலமுறை பயன்படுத்தியிருந்தேன். அதன் வீரியம் போய்விட்டது. உடன் வேலை பார்த்த அக்கா டிஷ்ஷைப் பார்த்துவிட்டு, "இது பட்டினியில சாகலப்பா. 'இரு'ன்னு யாரும் சொல்லல, அதான்" என்றார்.

அதுதான் உண்மை. கருவில் தேவைக்கு அதிகமாகவே நரம்பணுக்கள் பிறக்கின்றன. தோல் போன்ற திசுக்கள் சுரக்கும் என்ஜிஎஃப் கொஞ்சம்தான். அங்கே போய்ச் சேரும் நரம்பிழையின் நுனியில் உள்ள டிஆர்கே-ஏ என்ற ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. அந்தச் செய்தி இழை வழியாகவே அணுவின் உடல்வரை போகிறது. செய்தி வராத அணு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. எல்லா அணுவும் என்ஜிஎஃப்பைக் கேட்பதும் இல்லை. வலியை உணர்பவை அதை நம்பியிருக்கின்றன. தசையின் நிலையை உணர்பவைக்கு என்டி-3 என்ற வேறொரு வளர்ச்சிக் காரணி வேண்டும்.

முட்டையைத் திறக்கும்போதெல்லாம் ரீட்டா லெவி-மொன்டால்சினி நினைவுக்கு வருவார். யூதர் என்பதால், இத்தாலியின் 1938 இனச்சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடமில்லை. தூரின் நகர வீட்டுப் படுக்கையறையில், தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கிக் கோழிக்கருக்களை ஆராய்ந்தார். 1952-இல் ரியோ டி ஜெனீரோவில், எலியின் புற்றுக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்த முடிச்சிலிருந்து இழைகள் ஒளிவட்டமாய் விரிவதைக் கண்டார். கட்டியிலிருந்து வந்து இழைகளை விரியவைத்த பொருள்தான் என்ஜிஎஃப். அதைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹனுடன் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்.

டிஆர்கே-ஏ மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வலி தெரியாது, வியர்க்காது. நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், எலும்பு முறிந்தாலும் அழமாட்டார்கள். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது என்ஜிஎஃப் வந்தவுடன் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, தேதி எழுதி உறைய வைக்கிறேன். ஒவ்வொரு முறையும், ஒப்பிட்டுப் பார்க்க, என்ஜிஎஃப் சேர்க்காத டிஷ் ஒன்றும் உண்டு. காலையில் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.