பேசுவதே குற்றம் என்றால் புகார் எங்கிருந்து வரும்?

தனியார் கல்லூரிகளில் முதலாண்டு சேர்க்கையின்போது கையெழுத்து வாங்கும் விதிமுறைத் தாளை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பெற்றோர் படிப்பதில்லை, கட்டண ரசீதோடு சேர்த்து மடித்து வைத்துவிடுகிறார்கள். மாணவரும் மாணவியரும் தேவையின்றிப் பேசக் கூடாது என்று அதில் இருக்கும். பேருந்தில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். சில கல்லூரிகளில் மாடிப்படிகூடத் தனித்தனி. மீறினால் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதம் போடுவார்கள், அப்புறம் அபாலஜி லெட்டர், அதற்கும் அடுத்தது "அப்பாவைக் கூட்டிட்டு வா". கேட்டால் எல்லாம் பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள்.

இப்படிப்பட்ட கல்லூரிகளில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன், பாலியல் தொல்லை பற்றி விசாரிக்கும் புகார்க் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். குழுவில் கேட்ட எதையும் இங்கே எழுத மாட்டேன். சட்டப்படியும் எழுதக் கூடாது, எழுத மனசும் வராது. ஆனால் இத்தனை வருடத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பேசக் கூடாது என்ற விதி ஒரு பெண்ணையும் காப்பாற்றுவதில்லை. தொல்லை கொடுப்பவனுக்குத்தான் அது துணை நிற்கிறது.

எப்படி என்கிறீர்களா? இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் ஒருவன் பழைய கேள்வித்தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். இவளும் நன்றி சொல்கிறாள், சிரிப்புப் பொம்மை போடுகிறாள், இரண்டு வாரத்தில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்கிற அளவுக்குப் பேச்சு வளர்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை, பத்தொன்பது வயதில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள். பிறகு ஒருநாள் அவன் ஒரு மாதிரியான போட்டோ கேட்கிறான். இவள் முடியாது என்கிறாள். உடனே அவன், "நாம பேசினது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன், உங்க ஹெச்ஓடிகிட்ட காட்டட்டுமா, உங்க அப்பாவுக்கு அனுப்பட்டுமா?" என்கிறான். அவனிடம் இருப்பது வெறும் சாட்தான். அதற்கு மிரட்டும் பலத்தைக் கொடுத்தது கல்லூரியின் விதிமுறைத் தாள்.

அந்தப் பெண் புகார் கொடுக்க வேண்டுமானால் போனைத்தான் காட்ட வேண்டும். போனை வாங்குகிறவர் அவன் கடைசியாக அனுப்பியதைப் படித்துவிட்டு நிறுத்துவதில்லை. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போகிறார், நவம்பர், அக்டோபர், செப்டம்பர் என்று. அங்கே அந்தச் சிரிப்புப் பொம்மைகள் இருக்கின்றன. அப்புறம் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "நீ எதுக்கும்மா நம்பர் குடுத்த?" இதைக் கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதே இல்லை. சொந்த மகளிடமும் இதையேதான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்வியோடு விசாரணை திசை மாறிவிடுகிறது. புகார் கொடுக்க வந்தவள் விளக்கம் கொடுக்கத் தொடங்குகிறாள். மறுநாள் அப்பா வருகிறார், படிப்பை நிறுத்தி விடுவேன் என்கிறார், இவள் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறாள். ஆண்டறிக்கையில் அந்த வருடம் வந்த புகார்கள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிற முதல்வர்களை எனக்குத் தெரியும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதையொட்டி யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே தனியாக 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்து 2016 மே மாதம் அறிவிக்கை செய்தது. அதில் ஒரு விதி இருக்கிறது, கல்லூரி நிர்வாகிகள் பலர் கண்ணிலேயே படாத விதி. மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் வைக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடு என்ற பெயரில் அளவுக்கு மீறிக் கண்காணிப்பதோ பெண்களின் நடமாட்டத்தைச் சுருக்குவதோ கூடாது. இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது. நம் விடுதிகளிலோ பெண்களுக்கு ஆறரை மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஆண்களைக் கேட்க ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள். அவுட்பாஸ் நோட்டில் வார்டன் கையெழுத்து, அப்பாவுக்கு ஒரு போன், செக்யூரிட்டி கையெழுத்து, இத்தனையும் பெண்ணுக்கு மட்டும்.

அதே ஒழுங்குமுறைகள் புகார்க் குழுவை எப்படி அமைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர்கள் இரண்டு பேர், ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் இரண்டு பேர், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். விவகாரத்தில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் மூன்று மாணவர்களும் குழுவில் உட்கார வேண்டும், அவர்களும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பெரிய பதவியில் இருப்பவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. நான் விசாரித்த வரையில் அந்த மூன்று மாணவர்களுக்குத் தேர்தல் நடத்திய கல்லூரி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. யாரோ ஒரு ஆசிரியர் வகுப்பில் வந்து நன்றாகப் படிக்கிற இரண்டு பிள்ளைகள் பெயரைக் குறித்துக்கொண்டு போவார், அந்தப் பிள்ளைகளுக்கே தாங்கள் உறுப்பினர்கள் என்று தெரியாது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிற வாரம் பழைய தேதி போட்டு மினிட்ஸ் எழுதுவார்கள்.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நான்கு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவர் பெயர் அதில் இன்னும் இருக்கும். அந்தப் பலகையும் முதல்வர் அறை வாசலில், அலுவலக உதவியாளர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கும். அங்கே போய் நின்று ஒரு பெண் போன் நம்பரைக் குறித்துக்கொள்வாளா? பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன் ஒரு கல்லூரியில். முகம் சுளித்தார்கள், ஆனால் ஒட்டினார்கள்.

தொல்லை கொடுப்பது ஆசிரியர் என்றால் கதை இன்னும் மோசம். இன்டர்னல் மார்க் அவர் கையில், லேப் தேர்வு அவர் கையில், ஆராய்ச்சி மாணவி என்றால் கைடு போடும் ஒற்றைக் கையெழுத்தில் ஐந்து வருட உழைப்பே தொங்குகிறது. அருப்புக்கோட்டைக் கல்லூரி விவகாரம் நினைவிருக்கும். உதவிப் பேராசிரியை ஒருவரே மாணவிகளுக்குப் போன் செய்து, மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டித் தவறான வழிக்கு அழைத்த பேச்சு 2018இல் வெளியே வந்தது. 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாணவிகள் மறுத்ததோடு நிற்காமல் அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதனால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் உடனே செய்யக்கூடியது ஒன்று யுஜிசி ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. விசாரணை முடியும்வரை அந்த மாணவியின் தேர்வுத்தாளையோ ஆய்வையோ புகாருக்குள்ளானவர் மதிப்பிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். தள்ளி இருக்கும்படி எச்சரிக்கலாம், பிரிவை மாற்றலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாணவிகளே, இதை எழுத்தில் கேளுங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கால வரம்பும் தெரிந்திருக்கட்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். கல்விச் சுற்றுலா, இன்டர்ன்ஷிப், கல்லூரிப் பேருந்து, கலைவிழாவுக்குப் போன வேறு கல்லூரி, இவையெல்லாமே வளாகக் கணக்கில்தான் சேரும், "அது வெளியில நடந்தது" என்று யாரும் கைகழுவ முடியாது. புகாரை நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றில்லை. நிரூபணமாகவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. குழு வேண்டாம், அல்லது குழுவோடு போலீசுக்கும் போக வேண்டும் என்றால் அதுவும் உரிமைதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் தொல்லைக்கு, 78ஆம் பிரிவு பின்தொடர்ந்து தொல்லை செய்வதற்கு. 181 என்ற மகளிர் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது.

விசாரணையை ஒழுங்காக நடத்த வேண்டும் என்பதும் இதே அளவுக்கு முக்கியம், இதைச் சொன்னால் சில தோழிகள் கோபிக்கிறார்கள். கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மீது 2009இல் மாணவிகள் கொடுத்த புகாரில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புக் கொடுக்காமல் குழு அவசர அவசரமாக விசாரித்தது என்று சொல்லி 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு 2009இல் இருந்த கட்டத்துக்கே திரும்ப அனுப்பப்பட்டது. பதினான்கு வருடம்! அந்த மாணவிகளை நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் கொடுப்பது, பதில் சொல்ல நாள் கொடுப்பது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது, இவை அவருக்குக் காட்டும் சலுகை இல்லை. புகார் கொடுத்தவளின் உழைப்பு வீணாகாமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக கிண்டி வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்முறையை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் குற்றத்துக்கு ஐந்து மாதத்தில் தீர்ப்பு வந்தது, குறைந்தது 30 ஆண்டு வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. ஆனால் அதற்கு முன் அந்தப் பெண்ணின் விவரங்களோடு எஃப்ஐஆர் வெளியே கசிந்தது. எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வது போலிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நீதிமன்றம் அப்படிக் கண்டித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் டீக்கடையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் நான் கேட்டது, "அந்த நேரத்துல அங்க என்ன வேலை?" படித்தவர்கள், பெண் பிள்ளை பெற்றவர்கள் கேட்டார்கள். அந்தப் பேச்சு விடுதிப் பெண்களின் காதில் விழாமலா இருக்கும்?

அப்படி எல்லாவற்றையும் மீறிப் புகார் கொடுத்த பிறகும் என்ன நடக்கிறது என்பதற்கு 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் நடந்ததே போதும். துறைத் தலைவர் மீது புகார் கொடுத்து, நடவடிக்கை இல்லையே என்று மனம் நொந்து, கல்லூரி வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒரு பி.எட். மாணவி இரண்டு நாளில் மருத்துவமனையில் இறந்துபோனார். துறைத் தலைவரையும் முதல்வரையும் கைது செய்தார்கள். அந்த மாணவியின் புகாரைக் கையில் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்குகிறது.

கோவை மாநகரக் காவல் துறை 2022இல் 'போலீஸ் அக்கா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலர், அவர் எண் மாணவிகளிடம் இருக்கும். அது பிடித்துப்போனதற்கு என் கணிப்பில் ஒரே காரணம், அந்த அக்காவிடம் சொன்னால் இன்டர்னல் மார்க் குறையாது, ஐடி கார்டு போகாது, வீட்டுக்குப் போன் போகாது. அதே நம்பிக்கையைக் கல்லூரியும் கொடுக்க முடியும். நியூயார்க் மாநிலத்தில் 2015இல் கொண்டுவந்த சட்டப்படி, பாலியல் வன்முறை பற்றிப் புகார் சொல்ல வரும் மாணவர் அந்த நேரத்தில் குடித்திருந்தாலும் அதற்காகக் கல்லூரி அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது. அவர்களுக்கு மது, நமக்கு வாட்ஸ்அப் பேச்சும் விடுதி நேரமும்.

பேசக் கூடாது என்ற விதியையே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். பேசிப் பழகாமல் வளர்கிற பையனுக்கு ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லும்போது அதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று யார் கற்றுத்தருவார்கள்? ஆனால் நிர்வாகங்கள் அதற்கு ஒரே நாளில் சம்மதிக்கப் போவதில்லை. அதுவரை விதிமுறைத் தாளில் சேர்க்க வேண்டியதை நான் பணிபுரியும் இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த கல்லூரிக் குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற கல்லூரி ஆசிரியர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பெற்றோர் சேர்க்கையின்போது இப்படி ஒரு விதி உண்டா என்று கேட்கலாம்:

"பாலியல் தொல்லை குறித்துப் புகார் அளிப்பவரோ சாட்சி சொல்பவரோ, அதைச் சொல்லும்போது தெரியவரும் வேறு எந்தக் கல்லூரி, விடுதி விதிமீறலுக்காகவும் அவர் மீது நடவடிக்கை எடுக்கப்படாது. அவரது ஒப்புதல் இல்லாமல் வீட்டுக்குத் தகவல் தெரிவிக்கப்படாது. அவர் போனில் உள்ள உரையாடலில், புகாருக்குத் தொடர்புள்ள பகுதியை மட்டுமே குழு பார்க்கும்."