ஏறுவதற்கு முன்னால், எங்கே உட்காரலாம் என்று பாருங்கள்

பள்ளிக்கூட லீவு நெருங்கினாலே கொழும்பிலிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். "அக்கா, இந்த முறை எந்த மலைக்குப் போகலாம்?" பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோரும் மலை விஷயத்தை என்னிடம்தான் கேட்கிறார்கள். எனக்கும் அதில் சந்தோஷம்தான். அடுத்ததாக அவர்கள் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு உயரம்? பல வருஷமாக நானும் அந்த இரண்டு கணக்கையும் வைத்தே இது லேசு, இது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவை ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போன பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

தைப்பொங்கல் லீவு அது. சித்தப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, கொஞ்சம் கனத்த உடம்பு. அவருடைய மகன் தினமும் ஜிம்முக்குப் போகிறவன். மகளுக்கு ஏழு வயது. அப்புறம் நானும் அம்மாவும். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். ஹோர்ட்டன் சமவெளியில் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். சமவெளியே கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் அளவு உயரத்தில் இருப்பதால், வான் வண்டி மேலே கொண்டுபோய் இறக்கிவிட்ட பிறகு பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. அதனால் நான் அதை 'யாரும் போகலாம்' என்ற வகையில் வைத்திருந்தேன்.

மூன்றரை மணிக்கே கிளம்பினோம். வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம். புல்லெல்லாம் உறைபனி படர்ந்து வெள்ளையாகக் கிடந்தது. சின்ன உலகமுடிவு தாண்டி, ஏழரை மணிக்கு உலகமுடிவு (World's End) என்கிற மலை விளிம்பில் நின்றோம். 870 மீற்றர் அளவுக்குச் செங்குத்தாக இறங்குகிற பள்ளம். அன்று மூட்டமே இல்லை. கீழே தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கும் லயமும் தீப்பெட்டி அடுக்கின மாதிரித் தெரிந்தன. சித்தப்பா வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

வினை அதற்குப் பிறகுதான். அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் போகிற பாதை, மழைத்தண்ணீர் அறுத்த கான் மாதிரி. கல்லும் ஈரக் களிமண்ணும் மர வேரும். பெரிய இறக்கம் இல்லை, ஆனால் சின்னச் சின்ன இறக்கங்கள் நிறைய. அரை மணித்தியாலத்தில் சித்தப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தார், எழுந்தார், நாலு எட்டு வைத்தார், மறுபடி உட்கார்ந்தார். திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். பாதிக்கு வந்துவிட்டோம். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஏறக்குறைய அதே தூரம்தான். கடை இல்லை, வண்டி வருகிற பாதை இல்லை. மேலிருந்து மூட்டம் வேறு இறங்கத் தொடங்கிவிட்டது.

"அண்ணி, நீங்க புள்ளைய கூட்டிக்கிட்டுப் போங்க. நான் மெதுவா வர்றேன்" என்றார்.

அம்மா கேட்கவில்லை. தன்னுடைய நீளக் கறுப்புக் குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தார். "தம்பி, நேரா இறங்காதீங்க. என்னைப் பாருங்க."

அம்மா இறங்குவதை அன்றுதான் நான் உற்றுப் பார்த்தேன். பள்ளத்துக்கு முகம் காட்டி அவர் இறங்குவதே இல்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறார். முழங்கால் எப்போதும் லேசாக மடிந்தே இருக்கிறது. முதலில் கீழ்க்காலை வைத்து, கல் ஆடுகிறதா என்று பாதத்தால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். உறுதியான பிறகுதான் பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றுகிறார். ஒவ்வொரு எட்டும் ஒரு சாண்தான். இரண்டு மூன்று எட்டுக்கு ஒரு தடவை மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார், ஒரே காலுக்கு வேலை போகாமல். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, நெற்றியில் கயிறு மாட்டி, முதுகில் கொழுந்துக் கூடையோடு மழை நாளில் தேயிலை மலை இறங்கிய கால்கள் அவை. பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ வேண்டுமென்றால் நாளுக்குப் பதினெட்டு இருபது கிலோ நிறுக்க வேண்டும். அந்தப் பாரத்தோடு வழுக்கினால் என்ன ஆகும் என்பது அந்தக் கால்களுக்குத் தெரியும்.

சித்தப்பா அதைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். கீழ்க்காலுக்கு முன்னால் குடை, குடைக்குப் பின்னால் கால். மிச்சத் தூரத்தைக் கடக்க நான்கரை மணித்தியாலம் ஆனது. ஜிம்முக்குப் போகும் தம்பி, தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே பொறுமையாக வந்தான். வானுக்கு வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குக் கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை.

அந்தப் பாதை கஷ்டமானது ஏற்றத்தால் அல்ல. நடுவில் முடியாமல் போனால் விட்டுவிட வழியில்லாத பாதை அது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் யோசிப்பது, கூட வருகிறவர்களில் கால் தளர்ந்தவர் எந்த இடத்தில் உட்காரலாம், அங்கிருந்து எப்படி வீடு வரலாம் என்பதைத்தான். அப்படிப் பார்த்தால் நம் பக்கத்து மலைகளின் வரிசையே மாறிவிடுகிறது.

முதன்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது லிப்டன் சீட். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்னவுக்கு பஸ் இருக்கிறது. 1890இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை அங்கே இன்னும் நிற்கிறது. அங்கிருந்து மேலே ஏறக்குறைய 7 கிலோமீற்றர், முழுக்கத் தோட்டத்துப் பாதை. விடியற்காலையில் ஆட்டோவில் மேலே போய்விடுங்கள். தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்கிறார்கள், அவருடைய சிலையும் இருக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் மூட்டம் வந்து மூடிவிடும், அதற்குள் பார்த்துவிட்டு நடந்தே இறங்குங்கள். யாருக்கு முடியவில்லையோ அவர் பாதையோரம் உட்காரலாம், ஆட்டோ அங்கேயே வரும். வழியில் கொழுந்து எடுக்கிறவர்களைப் பார்த்தால், படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நிறைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுடைய ஐந்து நிமிடம் பெரிது.

வயதும் பலமும் கலந்த கூட்டம் என்றால் எல்லவில் இருக்கும் லிட்டில் அடம்ஸ் பீக். 1,141 மீற்றர். தேயிலைக்குள் நடந்து கடைசியில் படி ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் முதல் உச்சி. பெரும்பாலானவர்கள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் முகடு அங்கே முடிவதில்லை, இறங்கி ஏறி அடுத்த குன்றுகளுக்கும் பாதை போகிறது. சரளைக்கல் வழுக்கும், கையை ஊன்ற வேண்டியிருக்கும். பாட்டி முதல் உச்சியில் காற்று வாங்கட்டும், பிள்ளைகள் அடுத்த உச்சிக்குப் போய் வரட்டும். ஒருவரையொருவர் பார்த்துக் கையாட்டலாம்.

எதிரே தெரிகிற எல்ல ரொக்கையும் பலர் இதே வகையில் சேர்த்துவிடுகிறார்கள். அது சரியில்லை. ரயில் பாதையோரமாகக் கித்தல்எல்ல வரை நடந்து, தேயிலைக்குள் நுழைந்த பிறகு பாதை பல கிளையாகப் பிரிகிறது. கடைசியில் யூக்கலிப்டஸ் காட்டுக்குள் ஒரே ஏற்றம். வெயிலில் புழுதி வழுக்கும், மழையில் களி வழுக்கும். வழி தெரியாவிட்டால் தேயிலையில் நிற்கிறவர்களைக் கேளுங்கள், குறுக்குப் பாதையெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதே இல்லை. வளைவில் ரயில் வருவது தெரியாது.

சிவனொளிபாதமலையைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக 5,000க்கும் மேற்பட்ட படிகள். கணக்கைப் பார்த்தால் பயப்பட வேண்டியதுதான். ஆனால் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை நடக்கிற பருவத்தில் அது ரொம்ப அன்பான மலை. வழி முழுக்க விளக்கு, வழி முழுக்கத் தேத்தண்ணிக் கடை, இரவெல்லாம் ஆட்கள். எந்தக் கடையிலும் உட்காரலாம், எந்த இடத்திலிருந்தும் திரும்பலாம். எழுபது வயதுப் பாட்டிகள் ஏறுவதை அம்மாவோடு போகும்போதெல்லாம் பார்க்கிறேன். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. அங்கேயும் அம்மாவின் பக்கவாட்டு நடைதான் என்னைக் காப்பாற்றியது. பருவம் முடிந்த பிறகு அதே படியில் ஏறிப் பாருங்கள். விளக்கு இல்லை, கடை இல்லை, மழையும் காற்றும் மட்டும். பழக்கமில்லாதவர்கள் அப்போது போக வேண்டாம். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலப் பாதை இன்னும் நீளம், அதையும் முதல் தடவைக்கு எடுக்க வேண்டாம்.

கிரிகல்பொத்தைக்கு (2,388 மீற்றர்) போக ஆசைப்படுகிறவர்கள் இதையெல்லாம் நடந்து பழகிவிட்டு வாருங்கள். அதுவும் ஹோர்ட்டன் சமவெளியிலிருந்துதான் தொடங்குகிறது. சதுப்பும் அடர்காடுமாக ஒரு முழு நாள், நடுவில் ஒதுங்க ஒரு திண்ணைகூடக் கிடையாது.

காலமும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை அடித்து ஊற்றும்போது, இந்தப் பக்கம் ஊவாவில் காய்ந்த காற்று வீசும். அப்போது எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் வாருங்கள். ஒக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் மழை. கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. அந்தக் காலையை இங்கே யாரும் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால் பதிவு செய்த அறைக்காசு போனாலும் பரவாயில்லை, வராதீர்கள்.

அட்டைக்கு ஒரு வார்த்தை: காலுறைக்கு மேலே சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், சித்தாலேப தைலம் இருந்தால் இன்னும் நல்லது. கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும்.

போன வாரம் சித்தப்பா அழைத்தார். இந்தப் பருவத்தில் நல்லதண்ணிக்கு வர வேண்டுமாம். டொக்டரிடம் முழங்காலைக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறார். உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். ஜப்பான் பௌத்தர்கள் கட்டிய வெள்ளைத் தூபி வரை அவர் வருவார். அதுவரை பாதை லேசு. அங்கே பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார், நாங்கள் மேலே போய் வருவோம். தனியாக இருக்க வேண்டுமே என்று நான் இழுத்தபோது அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "நான் தம்பி கூட இருக்கேன். மேலே எத்தனை தரமோ போய் மணி அடிச்சாச்சு."

குடைக்கு இரண்டு கம்பி உடைந்திருந்தது. நேற்றுப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய்த் தைத்து வாங்கி வந்திருக்கிறார்.