ஏற்காடு ஏறும் முன் பிரேக்

வருஷக்கணக்கில் நின்ற பழைய மாருதி 800-ஐ வீட்டிலேயே தேற்றுகிறவர்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுமே ஏற்காடு கிளம்பிவிடாதீர்கள். முதலில் பிரேக்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சாக அமுங்கிவிடும். காரிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் கிரேடையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) எட்டத்தில் உள்ள பின்சக்கரத்தில் தொடங்கி, பிளீட் நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி நிற்கும்வரை பிளீட் பண்ணுங்கள், அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுங்கள். நடுவில் டப்பா காலியாக விடவே கூடாது. காற்று புகுந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் (பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும் பாகம்) ரப்பரை லேசாக விலக்கிப் பாருங்கள். ஆயில் கசிந்திருந்தால் சிலிண்டரை மாற்றியே ஆகணும், அதில் நனைந்த பிரேக் ஷூவையும்தான்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் 2314 என்றிருந்தால் அது 2014-ன் 23-வது வாரத்தில் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகவே வேண்டாம்.