மூன்று மாத்திரை, ஒரே மருந்து

கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு முழங்கால் வலியும் சளியும் சேர்ந்தே வரும். அம்மாவுக்கும் அப்படித்தான். காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று என்று வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து நாளில் சாப்பாடு இறங்கவில்லை, ஒரே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி. சிறுநீர் பால் ஊற்றாத டீ மாதிரிப் போகவும் கூட்டிக்கொண்டு ஓடினோம்.

"என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்கம்மா?" என்றார் டாக்டர். "ரெண்டு வெள்ளை, ஒரு மஞ்சள்" என்றார் அம்மா. வீட்டுக்குப் போய் மருந்துப் பையையே எடுத்து வந்தேன். எல்லாம் கடையில் வெட்டிக் கொடுத்த துண்டு அட்டைகள். ஒன்றில் விலையும் பாதிப் பெயரும்தான் மிச்சம். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்து, சீட்டில் கணக்குப் போட்டார். காய்ச்சல் மாத்திரை 650, மூன்று வேளை. சளி மாத்திரைக்குள் 500, அதுவும் மூன்று வேளை. மூட்டு மாத்திரையில் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தோடு 325, இரண்டு வேளை. ஆக 4,100 மில்லிகிராம், எல்லாமே பாராசிட்டமால். திடமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4,000தான் உச்சம். அம்மா நாற்பது கிலோ, அதுவும் அரைப் பட்டினி. இந்த மருந்தைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும். அதை முறிக்கிற குளூட்டாதயோன் பட்டினியில் வற்றிவிடுமாம்.

கல்லீரல் கெட்டிருக்கிறதா என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை எஸ்.ஜி.பி.டி. 40 பக்கம் இருக்க வேண்டியது, 800ஐத் தாண்டியிருந்தது. மஞ்சள் காமாலை வைரஸ், எலிக்காய்ச்சல், தோட்டத்துப் புதர்ப் பூச்சியால் வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாவற்றுக்கும் பார்த்தார்கள், எதுவும் இல்லை. ரத்தம் உறையும் நேரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அது கெட்டால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம் என்றார்கள். நல்லவேளை, கெடவில்லை.

பாராசிட்டமால் நச்சுக்கு முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் டிரிப் ஏறியது. ஒரேயடியாக அதிகம் விழுங்கியவர்களுக்கு 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் கேட்குமாம். பிந்தி வந்தாலும் விடமாட்டார்கள். பிறகு அதையே தண்ணீரில் கரைக்கிற மாத்திரையாகக் கொடுத்தார்கள். அழுகின முட்டை நாற்றம். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தார். பக்கத்துக் கட்டில் அக்கா கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்றார், பாவம், நல்ல மனசு. இப்போதைக்கு எந்த மருந்தும் கூடச் சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எண்கள் வாரா வாரம் இறங்கின. இப்போது முழங்காலுக்குத் தடவுகிற ஜெல்தான். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் உண்டு, ஆனால் நாளைக்கு 2 கிராமுக்கு மேல் இல்லை. தினமும் குடிக்கிற மாமாவுக்கும் அதே கணக்குத்தான் என்று டாக்டர் சொன்னதை அம்மா அவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். மாமா கேட்டுக்கொண்டார், சாராயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.