சுண்ணாம்பு நீரும் சைபீரியக் குகைகளும்

உயர்தர வகுப்பில் எமது இரசாயன ஆசிரியர் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் காபனீரொட்சைட்டைச் செலுத்திக் காட்டிய பரிசோதனையை என் வகுப்பு நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதலில் நீர் பால்போல் கலங்கும். விடாது செலுத்தினால் மீண்டும் தெளியும். தெளிந்ததைச் சூடாக்கினால் குமிழிகள் எழ, வெண்படிவு பரிசோதனைக் குழாயின் அடியில் திரும்பவும் இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைப்பதும், நிலாவரை போன்ற ஆழ்கிணறுகள் உருவானதும் இந்தத் தாக்கத்தாலேயே என்று சேர் அன்று விளக்கியது, பின்னாளில், ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உறைநிலத்தின் குகைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்குப் பெரிதும் கைகொடுத்தது.

குகைக் கூரையில் சொட்டும் நீர் காபனீரொட்சைட்டை இழக்கும்போது, கல்சியம் காபனேற்று அடுக்கடுக்காகப் படிந்து கூரையிலிருந்து தொங்கும் கசிதுளிவீழாகவும் தரையிலிருந்து எழும் கசிதுளிபடிவாகவும் வளர்கிறது. மேலேயுள்ள நிலம் ஆண்டு முழுவதும் உறைந்திருந்தால் நீர் இறங்காது, கல்லும் வளராது. ஆகவே, இன்று உறைநிலத்தினுள் இருக்கும் குகையொன்றில் அத்தகைய கல் காணப்படுவதே, அந்நிலம் ஒருகாலத்தில் உருகியிருந்தது என்பதற்குச் சான்றாகும். அது எக்காலம் என்பதை யுரேனியத்தைக் கொண்டு அறிகின்றனர். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. எனவே புதிதாகப் படியும் அடுக்கில் தோரியம் ஏறக்குறைய இருப்பதில்லை, யுரேனியம் சிதையச் சிதைய அது சேர்கிறது. இவ்விரண்டின் விகிதத்தால் சுமார் 6 இலட்சம் ஆண்டுகள் வரை வயதைக் கணிக்கலாம்.

அன்ரன் வாக்ஸ் தலைமையிலான குழு 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 60 பாகை வட அகலாங்கில் சைபீரியாவில் உள்ள லெத்யனாயா லென்ஸ்காயா குகையின் கற்கள் சுமார் 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வளர்ந்தன, அதன்பின் வளரவேயில்லை. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்திய வெப்பக் காலத்திற்கூட அங்கே புதிய அடுக்கு படியவில்லை. கல் வளராதிருந்த காலமும் சான்றாக நிற்பதே இத்துறையில் என்னை ஆட்கொண்டது. எனினும் நீர்வழி அடைபட்டாலும் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால், பல கற்களையும் பல குகைகளையும் ஒப்பிடாமல் முடிவு கூறலாகாது. 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய அக்காலத்தில் உலக வெப்பநிலை கைத்தொழில் யுகத்துக்கு முந்திய அளவைவிடச் சுமார் 1.5 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்ததென அக்குழுவினர் மதிப்பிட்டனர். புவி வெப்பமாதலை மட்டுப்படுத்த முயலவேண்டிய எல்லையாக 2015ஆம் ஆண்டுப் பரிஸ் உடன்படிக்கையில் எழுதப்பட்டிருப்பதும் அதுவே.

இன்னும் வடக்கே, கிறீன்லாந்தின் வடகிழக்கில் 80 பாகை அகலாங்கில், இன்று துருவப் பாலைவனமாகக் கிடக்கும் இடத்திலும் இத்தகைய படிவுகள் கிடைத்துள்ளன. ஜீனா மோஸ்லி தலைமையிலான குழு 2021இல் அவற்றின் வயதை வெளியிட்டது: 5,88,000 முதல் 5,49,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நீர் சொட்டியிருக்கிறது, அதுவும் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு இன்றைய அளவைவிடக் குறைவாக இருந்த காலத்தில்.