பட்டியலில் பெயர் இருக்கிறதா?

பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய, பெயர்ப் பட்டியல்களை ஒப்பிடும் நிரல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. அதில் ஒன்று இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்று கேட்கும் ‘இன்’ (in) என்ற சிறு சொல் வரும் வரியில் சற்று நின்றுதான் போவேன். படிக்க எளிது, ஆனால் தேடும் விதம், எதற்குள் தேடச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடும்.

பட்டியல் என்றால் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். செட் (ஒரே உறுப்பு இரண்டு முறை வராத தொகுப்பு) என்றால் தேடும் பெயரிலிருந்து ஹாஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, அது காட்டும் இடத்தில் பார்க்கும். டிக்‌ஷனரியில் சாவிகளை (மதிப்புகளைக் கண்டெடுக்க உதவும் பெயர்களை) மட்டும் பார்க்கும், மதிப்புகளை எட்டிக்கூடப் பார்க்காது. லட்சம் பெயர்களை ஒரு பட்டியலில் போட்டு, இன்னொரு லட்சத்தை அதற்குள் தேடச் சொல்லிவிட்டு, சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புலம்புபவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. செட்டாக மாற்றினால் புலம்பல் தீரும்.

சரத்துக்குள், அதாவது எழுத்துகளின் தொடருக்குள், தேடும்போதுதான் தமிழ் தன் வேலையைக் காட்டும். ‘கிளி’ என்ற சொல்லில் ‘க’ இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்கிறது பைத்தான். நமக்கு ‘கி’ ஓர் எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையிலோ ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒகரம் இன்னும் தொல்லை. ‘கொ’ எழுத்தின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் வரலாம், தனித்தனியே இரண்டாகவும் வரலாம். எந்த விசைப்பலகை, எந்தப் பழைய கோப்பு என்பதைப் பொறுத்தது அது.

பயனாளிகள் பட்டியல் ஒன்றில் கொற்றவை என்ற ஒரே பெண் இரண்டு பேராக நின்றது இதனால்தான்.

“இரண்டும் ஒன்றாகத்தானே சார் தெரிகிறது?” என்றார் உடன் பணிபுரியும் இளைஞர்.

“நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள் தம்பி.”

ஒன்றில் 7 குறிகள், மற்றொன்றில் 8. இரண்டும் சமமா என்று கேட்கும் இரட்டைச் சமக்குறி (==) கண்ணை நம்புவதில்லை, குறிகளைத்தான் ஒப்பிடுகிறது. ஒப்பிடும் முன் இரண்டு பெயர்களையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தோம்; இரட்டைப் பிறவி ஒன்றானது.

அதே நிரலில் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ‘இன்’ போட்டுக் கேட்டுவிட்டு, அடைப்புக்குறி இல்லாமல் ‘சமம் ட்ரூ’ (== True, அதாவது ‘உண்மை’ என்ற மதிப்புக்குச் சமமா) என்று ஒட்டுப் போட்டிருந்தார்கள். பைத்தான் இதைச் சங்கிலியாகப் படிக்கும்: பெயர் பட்டியலில் இருக்கிறதா, கூடவே பட்டியல் ட்ரூவுக்குச் சமமா? எந்தப் பட்டியலும் ட்ரூவுக்குச் சமமாகாது. ஆகவே பெயர் கண்முன் இருந்தாலும் விடை ‘இல்லை’தான். பிழைச் செய்தியும் வராது. அடைப்புக்குறி போடலாமா என்று கேட்டார் இளைஞர். எதற்கு, அந்த ஒட்டே வேண்டாம், வெட்டி எறியுங்கள் என்றேன்.